தொண்டையில் நின்ற கொட்டை

அந்த இலையுதிர்காலத்தில் என் தொண்டைக்குள் ஒரு கொட்டை வந்து குந்திக்கொண்டது. விழுங்கினால் இறங்காது, காறினால் வெளியே வராது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கீழே போகும். அது மட்டும் அசையாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இக்காஸ்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தட்டில் நானும் என் நண்பனும் குடியிருந்தோம். இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு. அவன் எனக்கு ஒரு வருடம் முந்தி டென்மார்க்குக்கு வந்தவன். பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் அவனுக்குக் காலை வேலை. நான் இன்னும் கொமூன என்கிற நகரசபை அனுப்பிய டேனிஷ் வகுப்பில் 'இது என் அப்பா, இது என் அம்மா' என்று படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளியே எனக்கு வாய் அவன்தான். டொக்டரிடமும் அவன்தான், கடையிலும் அவன்தான், பஸ் சாரதியிடமும் அவன்தான்.

கொட்டை எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டதுதான் என் கெட்டித்தனம்.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது கடிதப்பெட்டிக்குள் இரண்டு நீலக் கடிதங்கள் கிடந்தன. இரண்டிலும் அவனுடைய அம்மாவின் கையெழுத்து. ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. அந்த அம்மா எனக்கு ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. படியில் நின்றபடியே உடைத்தேன்.

"தம்பி, இதை நீர் மட்டும் வாசியும். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் அவன்ர ஐயா நெஞ்சு நோகுதெண்டு எழும்பி இருந்தவர், அப்பிடியே மோசம் போயிட்டார். சின்னவன்தான் கொள்ளி வைச்சவன். பெரியவனுக்கு இப்ப சொல்ல வேண்டாம். சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வருவான். கொழும்பிலை இறங்கினவுடனை ஆமிக்காரர் பிடிச்சுப் போடுவாங்கள். முப்பத்தொண்டு முடியட்டும். பிறகு ஆறுதலாய் நீரே அவனுக்குச் சொல்லும். ஒருத்தரைக் குடுத்திட்டன் தம்பி. இன்னொருத்தரைக் குடுக்க என்னாலை ஏலாது."

கடிதம் வர எடுத்த நாட்களை விரலில் எண்ணினேன். அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை வீட்டில் துடக்கு. தகப்பனை இழந்த மூத்த பிள்ளை மச்சம், மாமிசம் தொடக்கூடாது, கொண்டாட்டங்களுக்குப் போகக்கூடாது. இன்னும் பத்தொன்பது நாட்கள் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய வேலை இல்லை என்று நினைத்தேன். கடிதத்தை என் டேனிஷ் அகராதிக்குள் வைத்தேன். அவனுக்கு அகராதி தேவைப்படாது.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக்கறி. சமையல் அவனுடைய பொறுப்பு. ஊரிலிருந்து வந்த தூளை அள்ளிப் போட்டு, வீடு முழுக்க மணக்க மணக்க ஆக்கினான். கால் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா இந்த முறை ஐயாவைப் பற்றி ஒண்டுமே எழுதேல்லை மச்சான். தோட்டத்து வேலையிலை நிக்கிறார் ஆக்கும்."

என் வாயில் ஒரு கவளம் இருந்தது. அது இறங்கவில்லை. புரைக்கேறிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அவன் எழும்பி வந்து என் உச்சந்தலையில் தட்டினான்.

"ஊரிலை ஆரோ உன்னை நினைக்கினம்" என்றான்.

அன்றைக்கு வந்த கொட்டைதான் அது. அடுத்தடுத்த நாட்களில் சோறு ஓரளவுக்கு இறங்கியது, இறைச்சி அறவே இறங்கவில்லை. கஞ்சியாகக் குடித்தேன். கன்னம் ஒட்டிப்போனது. நண்பன் பயந்துவிட்டான். புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை டொக்டரிடம் கூட்டிப்போனான்.

டொக்டர் நல்ல மனிதர். விளக்குப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். பிறகு கதிரையில் சாய்ந்து நண்பனோடு கதைத்தார்.

"ஒண்டுமில்லையாம் மச்சான். தொண்டை தங்கம் மாதிரி இருக்காம். மனம் இறுகினால் இப்பிடி வருமாம். நேர்வஸ் எண்டுறார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் நரம்பு வருத்தம் என்றால் பைத்தியத்துக்குப் பக்கத்து வீடு.

"இதிலை நிக்கிறது மனமோ? கையை விட்டுப் பாக்கச் சொல்லு."

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. டொக்டருக்கு நன்றி சொல்லி என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை ஹேர்னிங்கில் எங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். அவனுடைய ஐயாவுக்கு அன்றைக்கு இருபத்தோராம் நாள். போகாமல் இருக்க ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்குத் தொண்டை சரியில்லை என்றால் 'நீ படு, நான் போட்டு வாறன்' என்று கிளம்பிவிட்டான். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பைலாப் பாட்டுப் போட்டார்கள். நண்பன் நன்றாக ஆடுவான். சட்டைக் கையை மடித்துவிட்டு நடுவில் இறங்கினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மூலையில் ஒரு கிளாஸ் சோடாவை வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. அவனில் கோபமா, அவனுடைய அம்மாவிலா, என்னிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அவன் என்னை ஒரு சீனப் பெண்மணியிடம் கூட்டிப்போனான். தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்து மேசையில் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்குகிறவர். சைகோனில் அவருடைய தகப்பன் சீன மருந்துக்கடை வைத்து நாடி பார்த்தவராம். படகில் ஏறி, முகாம்களில் இருந்து, ஏழு வருடத்துக்கு முந்தி டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தவர். ஹேர்னிங்கில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஆட்கள் நோய் வருத்தம் சொல்லிக்கொண்டு அவரிடம் வருவார்கள். ஊசி குத்துவதற்கு இந்த நாட்டில் டொக்டராக இருக்க வேண்டும் என்று ஊசியைத் தொடமாட்டார். மருந்து அவித்துக் குடிக்கக் கொடுப்பார், விரலால் அமத்துவார்.

எங்கே நோகிறது என்று அவர் கேட்கவில்லை. என் இரண்டு கைகளையும் ஒரு சின்னத் தலையணையில் வைக்கச் சொன்னார். ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் ஆணுக்கு வலது கையை ஒருதரம் பிடிப்பார், பிடித்த கையோடு சாப்பாட்டில் எதைத் தள்ளுவது என்று சொல்லிவிடுவார். இவர் இரண்டு கையையும் மூன்று மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, மெதுவாக அமத்தியும் விட்டும், ஒரு தேநீர் ஆறுகிற நேரம் இருந்தார். பிறகு கேள்விகள். கனவு வருகிறதா? பெருமூச்சு விடுகிறாரா? அழுகிறாரா? மலம் எப்படிப் போகிறது? எல்லாம் நண்பன் வழியாக வந்தன, நண்பன் வழியாகத் திரும்பிப் போயின. கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவன் டேனிஷில் சொல்ல எடுத்துக்கொண்ட சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

அடுத்தது நாக்கு. நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. சன்னலடிக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் மறுபடியும் நீட்டச் சொன்னார். நண்பனோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். அவனுடைய சிரிப்புப் போய்விட்டது.

"நாக்கிலை வெள்ளைப் படையே இல்லையாம். வயிறு வறண்டு போன ஆக்களுக்குத்தான் இப்பிடி இருக்குமாம். கனகாலமாய்ப் பெரிய வருத்தம் ஏதும் இருந்ததோ எண்டு கேக்கிறா."

கொட்டையை விட்டுவிட்டுப் புற்றுநோய் வரைக்கும் யோசனை ஓடிவிட்டது. நண்பன் திடீரென்று என்னைப் பார்த்தான்.

"நீ காலமை நாக்கு வழிச்சனியோ?"

"வழிக்காமல் ஆரேன் ஒருத்தர் வீட்டுக்குப் போறதே?"

அன்றைக்கு மட்டுமில்லை, பிறந்த நாள் தொட்டு வழித்த நாக்கு அது. அன்றைக்கு வைத்தியம் பார்க்கிற இடத்துக்குப் போகிறேன் என்று மரியாதைக்காக இரண்டுதரம் வழித்திருந்தேன். நண்பன் கரண்டிக் காம்பு ஒன்றை எடுத்து நாங்கள் செய்வதைச் செய்துகாட்டினான். அந்தச் சீன அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அவ வாசிக்கிற கடிதத்தை நீ அழிச்சுப்போட்டு வந்திருக்கிறியாம்."

கடிதம் என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. நாலு நாள் வழிக்காமல் இருந்து வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அந்த நாலு நாளும் என் வாழ்க்கையில் ஊத்தையான நாட்கள். காலையில் பல்லை மட்டும் விளக்கிவிட்டு, வழிக்காத நாக்கோடு சாமிப் படத்துக்கு முன்னால் நின்று தேவாரம் சொல்லக் கூச்சமாக இருந்தது. மனத்துக்குள்ளேயே சொல்லிமுடித்தேன். நண்பன் 'சன்னலைத் திறந்து வைச்சிட்டுக் கதை' என்று பகிடி பண்ணினான். அவன் பகிடி பண்ணப் பண்ண எனக்குத் தொண்டை இன்னும் இறுகியது. வகுப்பில் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதில்கூட வரவில்லை. ஆசிரியை என்னைக் கடந்து அடுத்தவரிடம் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவன் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தான். சைக்கிளில் போனோம். இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங்குக்கு எதிர்க்காற்று. அந்தச் சமவெளியில் காற்றுக்கு மறிக்க ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தோம். இருபத்தாறாம் நாள் என்று நான் எண்ணிக்கொண்டே மிதித்தேன்.

இந்த முறை நாக்கு அவருக்குப் பிடித்துக்கொண்டது. கஞ்சி காய்ந்த மாதிரி வெள்ளைப் படையாம். நாடியைப் பிடித்துவிட்டு, இறுக்கின தந்தி மாதிரி இருக்கிறது என்றார். பிறகு என் தொண்டையைத் தொட்டு, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது, அப்படித்தானே என்றார். நான் அதுவரை அந்தச் சொற்களில் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்கு அவையளின்ரை வைத்தியத்திலை பேரே இருக்காம்" என்றான் நண்பன். "பிளம்ஸ் கொட்டையாம்."

எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. ஒரு நாட்டில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதோடு திரிந்திருக்கிறார்கள். நான் பைத்தியமில்லை.

அந்த அம்மா விரல்களை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனார். நண்பன் தனக்கு விளங்கிய அளவில் தமிழாக்கினான். கோபம் ஈரலுக்குப் போகுமாம். துக்கம் நுரையீரலுக்கு. பயம் சிறுநீரகத்துக்கு. ஒன்றையே போட்டு யோசித்துக்கொண்டிருந்தால் வயிறு கெடுமாம். எனக்கு ஈரல் நெருக்குப்பட்டு மேலே தள்ளுகிறது, தள்ளினது தொண்டையில் வந்து சளியோடு சேர்ந்து நிற்கிறது. டொக்டர் உடம்பில் தேடிக் கிடைக்காமல் என்னை மனத்துக்கு அனுப்பினார். இந்த அம்மாவுக்கு இரண்டும் ஒரே வீடு. ஓர் அறையில் நடப்பது மற்ற அறைக்குக் கேட்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. மலத்தைப் பற்றிக் கேட்ட அதே குரலில் அடுத்ததைக் கேட்டார்.

"சொல்ல வேண்டியது ஏதும் சொல்லாமல் வைச்சிருக்கிறியோ எண்டு கேக்கிறா."

"இல்லை எண்டு சொல்லு."

"காதல் கீதல் இருந்தால் இப்பவே சொல்லிப்போடு மச்சான். நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

நான் சிரித்தேன். முகத்தைச் சிரிக்க வைக்கலாம். மணிக்கட்டு என் சொல்லைக் கேட்கவில்லை. அவர் விரலுக்கு அடியில் அது துள்ளுவது எனக்கே தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. நண்பனைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார்.

"ஆருக்குச் சொல்ல வேணுமாம்?"

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நாடி மறுபடி துள்ளியது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு ஒரு கத்திரிக்கோலை அவன் கையில் கொடுத்து, பல்கனியில் சாடிக்குள் நிற்கிற ஊதா இலைச் செடியில் ஒரு பிடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். என் மருந்துக்கு அது வேண்டுமாம். அவன் போனான். கண்ணாடிக் கதவு மூடியது.

"அவனா?" என்றார் டேனிஷில்.

தலையாட்டினேன். என்னிடம் இருந்தது முதலாம் பாடத்து டேனிஷ். "அவனுடைய அப்பா" என்றேன். இறந்துபோவதற்குச் சொல் தெரியவில்லை. "முடிந்தது" என்றேன். வகுப்பில் பயிற்சியை எழுதிவிட்டுச் சொல்கிற சொல்.

அவருக்கு விளங்கியது. கண்ணாடிக்கு அப்பால் நண்பன் சாடிக்கு மேல் குனிந்து, எந்த இலையை வெட்டுவது என்று தெரியாமல் நின்றான். அவர் என் காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தன் பெருவிரலை வைத்து அமத்தினார். உயிர் போகிற நோவு. கண்ணீர் வந்தது. வந்தது நோவுக்கு மட்டுமில்லை. அவர் அமத்துவதை நிறுத்தவில்லை.

"மருந்து ஏழு நாள்" என்றார். "மருந்து திறக்கும். நீ மூடினால், திரும்ப வரும்." அவருடைய டேனிஷும் என்னுடையதைப் போல ஒட்டுப்போட்ட டேனிஷ்தான். அதனால் ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது. அவனிடம் சொல் என்றோ சொல்லாதே என்றோ அவர் சொல்லவில்லை.

நண்பன் இலையோடு வந்தான். பட்டையும் வேரும் காய்ந்த இஞ்சியும் சுற்றிய பொட்டலத்தோடு அதையும் கட்டித் தந்தார்.

திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால். மிதிக்கவே தேவையில்லை. நண்பன் முன்னால் விசிலடித்துக்கொண்டு போனான். அவனுடைய அம்மாவுக்கு நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, பதில் எழுதக்கூட இல்லை. ஆனால் அவர் என்னை நம்பித்தான் எழுதினார். இவன் நாளைக்கே ஓடிப்போய்க் கொழும்பில் பிடிபட்டால் இவனுடைய அம்மாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? சொல்லாமல் விட்டால், தகப்பனுக்காக மகன் துடக்குக் காக்க வேண்டிய மாதம் கோழிக்கறியோடும் பைலாவோடும் முடிந்துபோகும். அதற்குப் பிறகு இவன் என் முகத்தில் எப்படி முழிப்பான்? பீட்ரூட் வயல் ஒன்றின் ஓரத்தில் கூப்பிட்டேன்.

"மச்சான், நில்லு."

"ஏன், ரயர் காத்துப் போட்டுதோ?"

காலை ஊன்றிக்கொண்டு நின்றான். சொல்வதற்கு நான் ஆயத்தப்படுத்திய வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"ஐயா மோசம் போயிட்டார்டா."

அவன் சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்றான். ஒரு கார் போனது. இன்னொரு கார் போனது.

"எப்ப?"

"இண்டைக்கு இருபத்தாறாம் நாள்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அம்மா எனக்கு எழுதின கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது."

அவன் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

"சனிக்கிழமை நான் ஆடினனான்."

"ஓம்."

"நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"அதுதான் நீ இறைச்சி தொடாமல் இருந்தனியோ? ஐயாவுக்காகவோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆசையாகவும் இருந்தது.

"இல்லை. எனக்கு இறங்கேல்லை" என்றேன்.

"நான் போறன்" என்றான். ஊருக்கு என்பது குரலில் தெரிந்தது. பெடலை மிதித்தான். நான் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை இழுத்து வெளியே போட்டிருந்தான். அகராதிக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். குசினி அடுப்படியில் நின்றபடி வாசித்தான். கடைசி வரிகளில் அவன் கண் நின்றுவிட்டது. பிறகு கதிரையில் இருந்து, கடிதத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போவதா விடுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

"அம்மா ஏலாதெண்டு எழுதியிருக்கிறா" என்றான் கடைசியில். பையைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். போவதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை.

ஐஸ் பெட்டியைத் திறந்து, சனிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த கோழியையும் முட்டைகளையும் ஒரு பையில் போட்டு, கீழ்வீட்டு டேனிஷ்காரருக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னான். கொடுத்துவிட்டு வந்தேன். அவன் தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றான். சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்தான். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் ஐயாவுக்கென்று முதல் சோற்றைப் போட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தான். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தான்.

எதிரெதிராக இருந்தோம். இனி இவன் என்னோடு கதைப்பானா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவு இல்லை. குனிந்தபடி குழைத்து வாயில் வைத்தேன். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். நாலாவதில்தான் தெரிந்தது, சோறு தடக்குப்படாமல் போகிறது. அவனுடைய ஐயாவுக்குப் படைத்த சோறு, அவன் அழுத கையால் ஆக்கிய சோறு, எனக்கு அமிர்தமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இரண்டு கிழமைப் பசி. கோப்பையை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இறங்குதோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

அவன் கரண்டியை எடுத்து என் கோப்பையில் இன்னும் சோறு போட்டான், பருப்பை விட்டான். பிறகு தன்னுடைய முதற் கவளத்தை வாயில் வைத்தான். நான் இரண்டாம் கோப்பையைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அதை மென்றுகொண்டே இருந்தான்.